பொருளடக்கத்தில் வேண்டாத தலைப்புகள்

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் அதன் முதல் ஏடுகளைப் புரட்டி, உள்ளே யாது உளது என நோக்குதல் கற்றார் யாவர்க்கும் இயல்பு. அந்நோக்கத்துக்கு விடை கூறுவது பொருளடக்கம். ஊர் எல்லையில் நிற்கும் வழிகாட்டிக் கல் வழிப்போக்கருக்கு எத்துணைப் பயனுடையதோ, அத்துணைப் பயனுடையது நூலுக்குப் பொருளடக்கம். ஊருக்கு ஒரு கல் நட்டால் வழி தெரியும். வேலிக்கு ஒரு கல் நட்டால் வழி மறையும். இக்காலத்துக் கணினி ஆக்கித் தரும் புள்ளிவிபர அறிக்கைகள் பலவற்றில் இவ்விரண்டாவது நிலையையே காண்கின்றோம். அதற்குக் காரணம் யாது, தீர்வு யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரையில் மாணவர்க்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எமக்குக் கணினியோடு என்ன தொடர்பு எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். வினவுதல் தகும். ஆயினும் தலைப்பு யாது, தலைப்பு அல்லாதது யாது என வகுத்துக் காட்டுதல் தமிழாசிரியனின் தொழில் அன்றோ? கணினியிற் பிறந்த இக்குற்றமும் ஆராயப் புகின் அவ்வகுப்பு வழுவே என்பது புலனாகும்.

நம் முன்னோர் வகுத்த முறை

தொல்காப்பியம் 3 அதிகாரங்களாகவும், அதிகாரம் ஒன்றுக்கு 9 இயல்களாகவும் பகுக்கப்பட்டு 27 இயல்களோடு நிற்கின்றது. திருக்குறள் 133 அதிகாரங்களை உடையது. கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 ஆம் ஆண்டில் வெளிவரச் செய்த யாழ்நூல், பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக 7 இயல்களைக் கொண்டது. அந்நூலில் இசைக் கணக்குகளும் அட்டவணைகளும் மலிந்துள்ளன. எனினும் அட்டவணை ஒவ்வொன்றையும் அடிகள் ஓர் இயலாக்கினாரல்லர். ஏழு பெயர்களைப் படித்த அளவிலேயே நூல் செல்லும் நெறி விளங்கிவிடுகின்றது.

அதிகாரம் என்னுஞ் சொல்லுக்கு ஆட்சி, தலைமை என்னும் பொருள்கள் உள. தலைப்பென்பது தன்கீழ் வரும் பத்திகளை ஆளுவது. ஆளப்படும் பொருள் இல்லாத சொல், எத்துணைப் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருப்பினும், தலைப்பு ஆகாது. இவ்வொரு விதியை மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வாராயின் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

புள்ளிவிபர அறிக்கையின் தனித்தன்மை

கதைநூலை முதலிலிருந்து முடிவுவரை படிப்பர். புள்ளிவிபர அறிக்கையை அவ்வாறு படிப்பார் இலர். ஓர் எண்ணைத் தேடி வருவர், கண்டதும் மூடிவிடுவர். ஆதலால் அறிக்கைக்குப் பொருளடக்கம் அலங்காரம் அன்று, உயிர்நாடி.

இலங்கையில் முதலாவது முழுமையான குடிசன மதிப்பு 1871 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அன்று தொட்டு எண்களின் தொகுதி பெருகிக்கொண்டே வருகின்றது. 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட எமது அம்பாறை மாவட்டத்தில் 2012 ஆம் ஆண்டு மதிப்பின்படி ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் வீடிழந்தோர், தொழிலிழந்தோர், பாடசாலை இழந்த சிறுவர் ஆகியோரின் கணக்கை இக்கரையோர ஊர்கள் எத்தனை முறை எழுதிக் கொடுத்தன என்பதை அக்காலத்தில் வாழ்ந்தோர் அறிவர். எண் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. வேண்டியவர் கண்ணிற் படவும் வேண்டும் என்னும் பாடத்தை அந்நாள்கள் எமக்குப் புகட்டின.

யாம் செய்த பிழை

இனி எமது அனுபவம் ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையிலுள்ள பாடசாலை ஒன்றில் யாம் பணியாற்றியபோது, உயர்தர வகுப்புக்கு இணைந்த கணித ஆசிரியர் ஒருவரை வேண்டி விண்ணப்பிக்கத் தீர்மானிக்கப்பட்டது. பத்தாண்டுப் பரீட்சைப் பெறுபேறுகள், மாணவர் தொகை, ஆசிரியர் வெற்றிடம் ஆகியவற்றைத் தொகுத்து ஓர் அறிக்கை இணைத்தல் வேண்டும். இளைஞராகிய ஆசிரியர் ஒருவர் தரவுகளைக் கணினியில் இட்டு, கட்டளை எழுதி, அட்டவணைகள் தாமாகவே பிறக்குமாறு செய்தார். மொழித்திருத்தம் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

அறிக்கை 70 பக்கம். அதன் பொருளடக்கமோ 9 பக்கம்! ‘மொத்தம்’ என ஒரு வரி; அதன்கீழ் ‘குறிப்பு’; அதன்கீழ் மீண்டும் ‘மொத்தம்’; பின்னர் ஓர் ஆண்டின் எண் மட்டும்; ஓரிடத்தில் ஒரு வரைபடமே சிறிதாய் வந்து அமர்ந்திருந்தது. யாம் திகைத்தோம். “சேர், வேண்டாத வரிகளை இதிலேயே அழித்துவிடுவோம், ஒரு மணித்தியால வேலைதான்” என்றார் அவ்விளைஞர். யாமும் உடன்பட்டோம். இருவருமாய் அமர்ந்து 9 பக்கத்தை 1 பக்கமாக்கி மகிழ்ந்தோம்.

மறுநாள் மாணவர் தொகை பற்றிய 4 பக்கங்கள் இடையிற் சேர்க்கப்பட்டன. பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் அழித்த வரிகள் யாவும் மீண்டு வந்தன. ஆதலால் புதுப்பியாமலே, பழைய பக்கத்தை அச்சிட்டுக் கட்டி அனுப்பினோம். ஆசிரியர் வெற்றிட அட்டவணை 41 ஆம் பக்கத்தில் உளதெனப் பொருளடக்கம் கூறிற்று. அது 45 ஆம் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டதை யாம் கருதவில்லை. 41 ஆம் பக்கத்திலே விளையாட்டு உபகரணங்களின் கணக்கு இருந்தது. வெற்றிட விபரம் இணைக்கப்படவில்லை என்னுங் குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

திருத்தி அனுப்புவதற்குள் காலம் கடந்தது. அவ்வகுப்பு மாணவர் இரண்டு தவணைகளை ஆசிரியரின்றியே கழித்தனர். வசதியுடையோர் அயலூர்களில் தனியார் வகுப்புகளை நாடினர். வசதியில்லாதோர் சிலர் பாடத்தையே மாற்றிக்கொண்டனர். அவருள் ஒரு மாணவன் எம்மிடம் வந்து, கலைப்பிரிவிற் சேர்வதற்குக் கடிதம் கேட்டு நின்ற நிலையை யாம் இன்னும் மறந்திலேம். விண்ணப்பத்தைப் பார்த்தவரைக் குறைகூற எமக்கு நியாயமில்லை. காட்டிய பக்கத்தை அவர் பார்த்தார், காட்டியவர் பிழைத்தோம். அதன் பின்னரே இவ்விடயத்தை முறையாகக் கற்கத் தலைப்பட்டோம்.

கணினி எவ்வாறு பொருளடக்கம் செய்கின்றது?

மனிதன் பொருளை நோக்கித் தலைப்பை அறிகின்றான். கணினி பொருளை நோக்காது. குறியை மட்டுமே நோக்கும். உரையில் எவ்வெவ் வரிகளுக்குத் தலைப்புக் குறி இடப்பட்டுள்ளதோ, அவ்வரிகளை எல்லாம் வரிசையாகத் திரட்டிப் பக்க எண்ணோடு எழுதுவதே அதன் வேலை. ஆகவே பொருளடக்கம் என்பது நிழல், உரையே உரு. நிழலைச் சுரண்டினால் உரு மாறாது. உருவை ஒழுங்காக்கினால் நிழல் தானே ஒழுங்காகும். யாம் முதலிற் செய்த பிழை நிழலைச் சுரண்டியதே.

புள்ளிவிபர வேலைக்கு இன்று பலரும் கையாளும் ‘ஆர்’ என்னும் கணினி மொழி, நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபேட் ஜென்டில்மன் என்னும் இருவரால் 1990 களில் ஆக்கப்பட்டது. அறிக்கையின் உரையை எழுதுதற்குப் பயன்படும் ‘மார்க்டவுன்’ என்னும் எளிய குறிமுறையை 2004 ஆம் ஆண்டில் ஜோன் குரூபர் என்பார் வெளியிட்டார். அவ்வுரையை வேர்ட் கோப்பாகவும், லேடெக் வழியாக அச்சுப் பக்கமாகவும், இணையப் பக்கமாகவும் மாற்றும் ‘பான்டொக்’ என்னும் கருவியை 2006 ஆம் ஆண்டில் ஆக்கியளித்த ஜோன் மக்ஃபார்லேன் ஒரு மெய்யியற் பேராசிரியர் என்பது கலைப்பிரிவு மாணவர் அறிந்து மகிழத்தக்கது.

மார்க்டவுன் முறையில் ஒரு வரியின் முதலில் # என்னுங் குறி வந்தால் அவ்வரி தலைப்பு ஆகும். ஒரு குறி முதற்படித் தலைப்பு; இரு குறி இரண்டாம்படி; இவ்வாறே ஆறு படிகள் வரை செல்லும். இதனை நினைவிற் கொண்டு குற்றங்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

குற்றங்களும் தீர்வுகளும்

முதலாவது, தோற்றம் நோக்கித் தலைப்பாக்குதல். வேர்ட் கோப்பில் ‘குறிப்பு’ என்னுஞ் சொல்லைப் பெரிய தடித்த எழுத்தில் காட்ட விரும்பும் ஒருவர், ‘ஹெடிங்’ என்னும் தலைப்பு நடையைத் தெரிந்துவிடுகின்றார். கண்ணுக்கு அழகு, பொருளடக்கத்துக்குச் சுமை. வரைபடம் நிற்கும் பத்திக்கு அந்நடை தவறுதலாக அமைந்துவிட்டால் படமே பொருளடக்கத்துட் புகும். தீர்வு யாதெனின், எழுத்தின் பருமன் வேறு, தலைப்பு என்னும் பதவி வேறு என உணர்தல். தடித்த எழுத்து வேண்டின் தடித்த எழுத்தையே இடுக. அட்டவணையின் பெயருக்கு ‘கப்ஷன்’ என்னும் தனி நடை உளது. அதனை இட்டால் அட்டவணைகளுக்கெனத் தனிப்பட்டியல் ஒன்றைப் பெறலாம், பொருளடக்கமும் தூயதாகும். இதன் பின்னரும் ஒரு வரி நீங்காது நிற்பின், அப்பத்தியின் ‘அவுட்லைன் லெவல்’ என்னும் படிநிலையை நோக்குக. நடை சாதாரணமாயிருந்தும் படிநிலை 1 எனவோ 2 எனவோ இருந்தால் அது பொருளடக்கத்துட் புகக்கூடும். அதனைச் சாதாரண உரைநிலைக்கு மாற்றுக.

இரண்டாவது, வெளியீட்டில் மறைந்து வரும் # குறி. ‘ஆர்’ மொழியில் அதே குறி, கட்டளை எழுதுவோன் தனக்கென எழுதும் குறிப்பைக் காட்டுவது. ஒரே குறி ஓரிடத்திற் குறிப்பு, மற்றோரிடத்தில் தலைப்பு. பலபொருள் ஒருசொல் போன்றதென்க. கட்டளைப் பகுதியின் எல்லைக் கோட்டுக்கு வெளியே அக்குறிப்பு தப்பி வந்துவிட்டால், எழுதுவோனின் அந்தரங்கக் குறிப்பு பொருளடக்கத்தில் ஏறிவிடும். கட்டளையின் வெளியீட்டை உள்ளவாறே உரையில் இடுக எனப் பணிக்கும்போதும், அதிலுள்ள # குறி தலைப்பாகவே கொள்ளப்படும். தீர்வு: கட்டளைப் பகுதிகளின் தொடக்கமும் முடிவும் சரியாக மூடப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல், உள்ளவாறே இடும் பணிப்பைத் தேவையான இடத்தில் மட்டுமே வைத்தல், ஆங்கும் வேண்டாத # குறியை நீக்குதல்.

மூன்றாவது, கோடு செய்யும் மாயம். இதனையே யாம் நீண்ட நேரம் தேடினோம். மார்க்டவுன் முறையில் தலைப்பை உணர்த்த மற்றொரு வழியும் உளது. தனியே நிற்கும் ஒரு சொல்வரியின் கீழ்ச் சமக்குறிகளை வரிசையாக இட்டால் அது முதற்படித் தலைப்பு. சிறுகோடுகளை வரிசையாக இட்டால் இரண்டாம்படித் தலைப்பு. கணக்கு எழுதுவோர் ‘மொத்தம்’ என எழுதி அதன்கீழ்க் கோடு கிழித்தல் வழக்கம். எமது அறிக்கையில் அக்கோடே ‘மொத்தம்’ என்னுஞ் சொல்லுக்குப் பட்டஞ் சூட்டிற்று. தீர்வு எளிது. சொல்லுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு வெற்றுவரி விட்டால் கோடு வெறுங் கோடாகவே நிற்கும். அதனினுஞ் சிறந்தது, கோடு கிழித்து அட்டவணை போலக் காட்டாது, அட்டவணை ஆக்குதற்கென உள்ள கட்டளையாலேயே அதனை ஆக்குதல்.

நான்காவது, மீண்டும் மீண்டும் பிறத்தல். அம்பாறை மாவட்டத்தின் 20 பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் ஒரே அச்சில் அறிக்கை செய்வதாகக் கொள்வோம். பிரிவொன்றுக்குக் கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்பிடி, வீடு, குடிநீர் என 6 உட்பகுதிகள். பிரிவுப் பெயர்கள் 20, உட்பகுதிகள் 120, ஆக 140 வரிகள். உட்பகுதி தோறும் ‘மொத்தம்’, ‘குறிப்பு’ என்னும் இரண்டும் தலைப்பாகிவிட்டால் மேலும் 240 வரிகள். கூட்டினால் 380. தேடுவோன் இதனுள் நிந்தவூரையோ சாய்ந்தமருதையோ எவ்வாறு காண்பான்? ‘மொத்தம்’, ‘குறிப்பு’ ஆகியவற்றைத் தலைப்பு நிலையினின்று இறக்குக. பின்னர் எத்தனை படிகள் பொருளடக்கத்தில் வரவேண்டும் என ஆழத்தை வரையறுக்குக. பான்டொக் தானாக 3 படிகளை எடுக்கும். படியொன்று போதுமெனப் பணித்தால் இருபது ஊர்ப் பெயர்களும் ஒரே பக்கத்திற் காட்சிதரும். இரண்டு எனப் பணித்தால் உட்பகுதிகளும் வரும்.

ஐந்தாவது, உரையில் வேண்டும், பொருளடக்கத்தில் வேண்டா எனப்படுவன. நன்றியுரை, அச்சுப்பதிவு விபரம் முதலியன இவ்வகையின. லேடெக் முறையில் தலைப்புக் கட்டளைக்குப் பின் ஓர் உடுக்குறி இட்டால் அத்தலைப்பு எண்ணும் பெறாது, பொருளடக்கத்திலும் சேராது. பான்டொக் முறையில் ‘அன்நம்பர்ட்’, ‘அன்லிஸ்டட்’ என்னும் இரு குறிப்புகளையும் தலைப்பின் அருகே சேர்த்து எழுதுதல் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் எண் நீங்குமேயன்றி வரி நீங்காது. அன்றியும் அவ்விரு குறிப்புகளும் அச்சுப் பக்கத்திலும் இணையப் பக்கத்திலும் பயன்படுமேயன்றி வேர்ட் கோப்பிற் பயன்படா. ஆங்குப் பொருளடக்கத்தை ஆக்குவது வேர்ட் ஆதலின். வேர்ட் கோப்பாயின் அவ்வரிக்கெனத் தலைப்புப் போலத் தோன்றும் வேறொரு நடையை அமைத்துக்கொள்க.

ஆறாவது, மொழியாற் பெருகுதல். நம் நாட்டு அறிக்கைகளில் ஒரே அட்டவணையின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதுண்டு. மூன்று வரிகளுக்கும் ஒரே தலைப்பு நடையை இட்டால் பொருளடக்கம் மும்மடங்காகும். இங்கு ஒரு மொழியை நீக்குதல் தீர்வு அன்று. எம்மொழியினரும் தேடிக்காணும் உரிமை உடையோரே. மொழிக்கு ஒரு நடையாக மூன்று நடைகளை வகுத்து, நடைக்கு ஒரு பொருளடக்கமாக மூன்று பொருளடக்கங்களை அமைக்குக. குறித்த நடையிலுள்ள வரிகளை மட்டும் திரட்டுமாறு வேர்டைப் பணித்தல் இயலும். அவ்வாறு செய்தால் தமிழ் வாசகர் தமிழ்ப் பக்கத்திலேயே தமக்கு வேண்டியதைக் காண்பர்.

இறுதிச் சோதனை

திருத்தம் முடிந்தபின் பொருளடக்கத்தை முழுமையாகப் புதுப்பித்தல் வேண்டும். பக்க எண்ணை மட்டும் புதுப்பித்தல், முழுவதையும் புதுப்பித்தல் என வேர்டில் இரண்டு வழிகள் உள. தலைப்பு மாறியிருப்பின் இரண்டாவதையே தெரிக. லேடெக்கில் ஒரு முறை ஓட்டினால் தலைப்புகள் ஒரு துணைக்கோப்பில் எழுதப்படும். மறுமுறை ஓட்டும்போதே அக்கோப்பு படிக்கப்பட்டுப் பக்கத்தில் ஏறும். ஆதலால் ஒரு முறை ஓட்டிவிட்டுத் திருத்தம் பலிக்கவில்லை எனச் சோர்வுறல் ஆகாது.

அதன்பின் அறிக்கையை அறியாத ஒருவரை அழைத்து, “ஆசிரியர் வெற்றிடம் எங்கே?” என்பது போன்ற மூன்று வினாக்களைக் கொடுத்து, பொருளடக்கத்தை மட்டும் கொண்டு தேடச் செய்க. அவர் உரிய பக்கத்தைத் திறந்தாராயின் வேலை முடிந்தது. இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தை யாம் அன்று செலவிட்டிருந்தால் ஒரு வகுப்பின் இரண்டு தவணைகள் வீணாகியிரா.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். வேண்டாதவற்றை நீக்கும் வேகத்தில் வேண்டியதையும் நீக்கிவிடல் தகாது. பொருளடக்கம் குறுகியது என்பது மட்டும் சிறப்பாகாது. 70 பக்க அறிக்கைக்கு மூன்றே வரிகள் இருப்பின் அதுவும் குற்றமே. ஒவ்வொரு வரியையும் நோக்கி, “இதனைத் தேடி ஒருவர் வருவாரா?” என வினவுக. வருவாராயின் அது நிற்க, வாராராயின் நீங்குக. ‘மொத்தம்’ என்பதைத் தேடி ஒருவரும் வாரார். எதன் மொத்தம் என்பதையே தேடி வருவர்.

மாணவ மணிகளே! நாளை உங்களுள் பலர் அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அமர்ந்து அறிக்கைகள் ஆக்குவீர்கள். கட்டளை எழுதுதலை உங்கள் கணித ஆசிரியர் கற்பிப்பார். எதற்குத் தலைமை கொடுப்பது, எதற்குக் கொடாது விடுவது என்னும் பகுத்தறிவைத் தமிழ் வகுப்பிலும் கற்றுக்கொள்ளலாம். கருவி எத்துணை விரைந்ததாயினும் அவ்வறிவை அது நமக்கு ஈந்துவிடாது. நீங்கள் எழுதும் எண்களின் பின்னால் ஒரு மீனவக் குடும்பமோ, ஆசிரியரை எதிர்பார்த்திருக்கும் ஒரு வகுப்போ நிற்கும். அவர்களைத் தேடி வருவோருக்கு வழியை மறையாது காட்டுங்கள்.

விழாக் காணும் இக்கல்லூரி, சொல்லைச் சொல்லுக்குரிய இடத்திலும் எண்ணை எண்ணுக்குரிய இடத்திலும் வைக்கப் பயிற்றிய கல்லூரி. அப்பயிற்சி தலைமுறை தலைமுறையாகத் தொடர்க. கல்லூரி நீடு வாழ்க!